வற்றம் பார்த்துப் புறப்பட்ட குடும்பம்

அந்தமானுக்குக் குடும்பத்தோடு போவதென்று முடிவானதும் வீட்டில் ஆளுக்கொரு இடத்தின் பெயரைச் சொன்னோம். அண்ணன் செல்லுலார் சிறை என்றான். அண்ணி ராதாநகர் கடற்கரை என்றார். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த அவர்கள் மகன், பாடப் புத்தகத்தின் மேலிருந்து தலையைத் தூக்கி, “பாராடாங், சேத்து எரிமலை” என்றான். என் மகளுக்கு மீன் பார்க்க வேண்டும். மாமா மட்டும், “எந்தத் தீவுல இருந்து எந்தத் தீவுக்குப் படகு, எத்தனை மணிக்குன்னு முதல்ல கேளு பாப்பா. இடமெல்லாம் அங்கனயேதான் இருக்கும்” என்றார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. 1978இல் மதுரையிலிருந்து கொத்து வேலைக்குப் போர்ட் பிளேர் போனவர். சென்னைத் துறைமுகத்தில் ‘ஹர்ஷவர்தனா’ கப்பல் ஏறி, அடித்தளத்தில் அடுக்குப் படுக்கையில் மூன்று இரவு படுத்துப் போய்ச் சேர்ந்ததை எங்கள் சின்ன வயதில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அரசுக் குடியிருப்புகளுக்குச் சுவர் எழுப்பினார், பூசினார், தங்கையின் கல்யாணத்துக்குப் பணம் சேர்ந்ததும் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை. அண்ணி தபால் துறையில் இருக்கிறார். மத்திய அரசு ஊழியர்களுக்கு விடுமுறைப் பயணச் சலுகையில் அந்தமானுக்கு விமானத்தில் போய்வர அப்போது வழி இருந்தது. அதைப் பயன்படுத்துவதென்று அண்ணன் வீட்டில் பேச்சு வந்தபோது, “தம்பியையும் கூட்டிக்கிட்டுப் போறதா இருந்தா நானும் வர்றேன்” என்று அம்மா சொல்லிவிட்டார். அப்படித்தான் எட்டுப் பேர் ஆனோம்.

2019ஆம் ஆண்டு. ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தல். வாக்களித்துவிட்டுக் கிளம்புவதென்று பேசினோம். பள்ளிகள் மூடியிருக்கும். ஏப்ரலில் அந்தக் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும், தண்ணீர் தெளிந்திருக்கும். மே மாதம் மூன்றாவது வாரவாக்கில் தென்மேற்குப் பருவமழை இந்தியாவில் முதலில் தொடுவது அந்தமான் நிக்கோபாரைத்தான். அதற்கு முன் வீடு வந்து சேர்ந்துவிட வேண்டும்.

ஒரு பயண முகவர் அனுப்பிய பட்டியலை அண்ணன் கொண்டுவந்தான். காலை, மதியம், மாலை என்று கட்டம் கட்டி, ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு இடம் போட்டிருந்தார்கள். ஒரு நாளில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடற்கரை என்று இருந்தது. மாமா அதில் விரலை வைத்தார். “ஆறு மணிக்கு அங்க ராத்திரி. அஞ்சு மணிக்கு விடியும், அஞ்சரைக்குப் பொழுது அடைஞ்சிரும்.” உண்மைதான். இந்திய நேரம் கணக்கிடப்படுவது அலகாபாத் பக்கத்துத் தீர்க்கரேகையை வைத்து. அந்தமான் அதற்குப் பத்து பாகைக்கும் மேல் கிழக்கே இருக்கிறது. கடிகாரம் நம்முடையது, சூரியன் பர்மாவுடையது. எங்கள் வீட்டில் எட்டு மணிக்கு முன்னால் குளித்து முடிக்காத ஆட்கள் இருந்தார்கள். அந்தப் பட்டியல் அன்றைக்கே கிழிந்தது. நான் ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்து, அதிகாலை நாலரையிலிருந்து கோடு போட ஆரம்பித்தேன்.

நோட்டு அவசியமாகவும் இருந்தது. அப்போது சென்னையிலிருந்து கடலடிக் கம்பிவடம் போய்ச் சேர்ந்திருக்கவில்லை; 2020 ஆகஸ்டில்தான் அது திறக்கப்பட்டது. அதுவரை தீவுகளில் இணையம் செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தது. கைபேசியில் சீட்டு, கைபேசியில் வழி, கைபேசியில் பணம் என்று பழகிய எங்களுக்கு எல்லாவற்றையும் தாளில் எடுத்துப் போக வேண்டிய நிலை. விடுதி முகவரிகள், படகுச் சீட்டின் அச்சுப்படிகள், எட்டுப் பேரின் ஆதார் நகல்கள், சின்னத் தீவுகளில் செலவழிக்கக் கையில் ரொக்கம். அண்ணி எல்லாவற்றையும் தபால் துறைக்காரரின் ஒழுங்கோடு தனித்தனி உறைகளில் போட்டு மேலே தேதி எழுதினார். அந்த உறைகளைப் போல ஒரு நல்ல ஏற்பாட்டை எந்தச் செயலியிலும் நான் பார்த்ததில்லை.

500க்கும் மேற்பட்ட தீவுகளும் பாறைத் திட்டுகளும் கொண்டது அந்தக் கூட்டம். மக்கள் வாழ்வது 40க்கும் குறைவானவற்றில். சுற்றுலாப் பயணிக்கு நிக்கோபார் பக்கம் எளிதில் அனுமதி இல்லை. ஆகவே பெரும்பாலான குடும்பங்கள் போவது ஒரு முக்கோணத்தில்: போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல். நாங்கள் போவதற்குச் சில மாதங்கள் முன்பு, 2018 டிசம்பரில், ஹேவ்லாக்கை ஸ்வராஜ் தீவு என்றும் நீலை ஷஹீத் தீவு என்றும் மாற்றியிருந்தார்கள். படகுச் சீட்டில் ஒரு பெயர், விடுதிக்காரர் வாயில் ஒரு பெயர். நோட்டில் இரண்டையும் எழுதி வைத்தேன்.

முக்கோணத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது? ஊரில் எல்லோரும் முதலில் ஹேவ்லாக், பிறகு நீல் என்றார்கள். மாமா பஞ்சாங்கத்தைக் கேட்டார். அந்த வருஷம் சித்ரா பௌர்ணமி ஏப்ரல் 19. “பௌர்ணமியை ஒட்டித்தான் கடல் நல்லா வத்தும். அந்தப் பாறைப் பாலத்துக்கு வத்துனாத்தான் போக முடியும்னு சொல்றாங்கள்ல, அப்ப அங்க முதல்ல போ” என்றார். நீலின் லட்சுமண்பூர் கரையில் பவளப்பாறை வளைந்து பாலம்போல் நிற்கும் இடம் அது. போகும் வழி முழுக்கக் கடலுக்குள் கிடக்கும் பாறைத் தரை; நீர் ஏறிவிட்டால் வழியே கிடையாது. ஏற்றவற்ற அட்டவணையைத் தேடி எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் வற்றம் ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமிக்கு மூன்றாம் நாள் விடிந்ததும் நல்ல வற்றம். அந்த நேரத்தைச் சுற்றித்தான் எங்கள் பயணத்தின் முதல் பாதி முழுவதும் கட்டப்பட்டது. கிணறு வெட்டத் தேதி பார்த்த குடும்பம் கடலுக்கும் தேதி பார்த்தது என்று அம்மா சந்தோஷப்பட்டார்.

அம்மாவின் முழங்கால்கள் இன்னொரு கணக்கு. படகுத்துறையில் கடல் ஏறியிருக்கும்போது படகின் தளம் துறையோடு சமமாக இருக்கும், கால் வைத்து ஏறிவிடலாம். வற்றியிருக்கும்போது படகு கீழே போய்விடும். பாசி பிடித்த படிகளில் இறங்க வேண்டும். ஆகவே பாலத்துக்கு வற்றம் பார்த்த அதே அட்டவணையில் படகேற ஏற்றம் பார்த்தோம். எல்லா நாளும் அது ஒத்துவரவில்லை. ஒத்துவராத நாளுக்கு, அம்மாவின் முன்னால் அண்ணனும் பின்னால் என் கணவரும் என்று நோட்டிலேயே எழுதிவிட்டேன். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு தீவுகளுக்குப் போகிறவர்கள் விடுதி அறையின் குளிர்சாதனத்தைப் பற்றிக் கேட்பதைவிடத் துறையின் படிகளைப் பற்றிக் கேட்பது நல்லது. அதை எவரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

படகிலும் தேர்வு இருந்தது. தனியார் விரைவுப் படகுகள் ஒன்றரை மணி நேரத்தில் ஹேவ்லாக் போகின்றன. சிலவற்றில் மூடிய கண்ணாடிக்குள் உட்கார்ந்தே இருக்க வேண்டும். அரசுப் படகு மெதுவாகப் போகும், இரண்டரை மணி நேரம். ஆனால் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம். அம்மாவுக்குப் பேருந்திலேயே வாந்தி வரும். அடிவானம் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தால் தலைசுற்றல் குறையும்; மூடிய அறையில் உடம்பு ஆடுவதும் கண் பார்ப்பதும் ஒத்துப்போகாமல் குமட்டும். முடிந்தவரை அரசுப் படகே என்று தீர்மானித்தோம். அதன் சீட்டுகள் அப்போது புறப்பாட்டுக்குச் சில நாள்கள் முன்புதான் ஃபீனிக்ஸ் பே துறையில் கொடுக்கப்பட்டன, தீவுவாசிகளுக்கு முன்னுரிமை. அதுதான் நியாயம். நமக்கு அது சுற்றுலா. ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் போகிற அவர்களுக்கு அது டவுன் பஸ். மாமாவோடு வேலை பார்த்தவர் ஒருவரின் மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவர். வரிசையில் நின்று எங்களுக்கு வாங்கிக் கொடுத்தார். அம்மா சுக்கும் உப்பு நாரத்தங்காயும் பொட்டலம் கட்டினார்.

கடைசி இரவு போர்ட் பிளேரில்தான் தங்க வேண்டும் என்பதில் மாமா அசையவில்லை. ஹேவ்லாக்கில் இன்னொரு இரவு தங்கி, காலைப் படகில் வந்து மதியம் விமானம் ஏறலாம் என்று அண்ணன் சொன்னான். “காத்து வந்தா படகு நிக்கும். விமானம் உனக்காக நிக்காது.” அதோடு ஒரு முழு நாளை எதுவும் எழுதாமல் காலியாக விடச் சொன்னார். செலவழித்துப் போகும் இடத்தில் காலி நாளா என்று அண்ணிக்கு வருத்தம். விட்டோம். நாங்கள் ஊர் திரும்பிய வாரத்தில் வங்காள விரிகுடாவில் ஃபானி புயல் உருவாகி வளர்ந்து, மே 3 அன்று பூரி பக்கத்தில் கரையேறியது. தொலைக்காட்சியில் அதைப் பார்த்தபோது அந்தக் காலி நாளின் மதிப்பு அண்ணிக்குத்தான் முதலில் புரிந்தது.

திட்டத்தில் மிக நீண்ட பேச்சு பாராடாங்கைப் பற்றியது. அண்ணன் மகன் ஆசைப்பட்டது அது ஒன்றுதான். சுண்ணாம்புக் குகைகளும் சேற்று எரிமலையும் உள்ள அந்தத் தீவுக்குப் பெரும்பாலானவர்கள் போவது அந்தமான் பெருவழிச் சாலையில். ஜிர்க்காடாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, காவலோடு, குறித்த நேரத்தில் விடுவார்கள். சாலை செல்வது ஜாரவா மக்களின் காட்டுக்குள். அவர்கள் மொத்தமே சில நூறு பேர்தான். 2002இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சாலையின் அப்பகுதியை மூடச் சொன்னது. மூடவில்லை. 2012இல், பயணிகளுக்கு முன்னால் ஜாரவா பெண்களை ஆடவைத்த காணொளி வெளியாகி உலகமெங்கும் பேசப்பட்டது. இப்போது படம் எடுக்கக் கூடாது, வண்டியை நிறுத்தக் கூடாது, எதுவும் கொடுக்கக் கூடாது என்று விதிகள் இருக்கின்றன. ஆனாலும் பல வண்டிகளில் கண்கள் குகையைத் தேடுவதில்லை, சாலையோரத்தைத்தான் தேடுகின்றன.

இதையெல்லாம் அண்ணன் மகனுக்கு நான் படித்துக் காட்டினேன். “நாம பார்க்கலேன்னா போதும்ல அத்தை, கண்ணை மூடிக்கிறேன்” என்றான். அவனுக்குப் பதில் சொன்னது மாமா. சாலை போடும் வேலைக்கு ஆள் எடுத்தபோது கூலி அதிகம் என்று அவருக்குத் தெரிந்த சிலர் போயிருக்கிறார்கள். காட்டுக்குள்ளிருந்து அம்பு வந்திருக்கிறது. இந்தப் பக்கமிருந்து துப்பாக்கியும் போயிருக்கிறது. “நம்ம வீட்டுக் கொல்லைக்குள்ள ஒருத்தன் ரோடு போட்டா நாமளும் கல்லெடுத்துத்தான் எறிவோம். அவங்க சொன்னது நமக்குப் புரியல, அவ்வளவுதான். இப்ப நாம வேடிக்கை பார்க்கப் போறதுக்கு அந்தக் கொல்லை வழியா போகணுமா தம்பி?” பையன் வெகுநேரம் பேசாமல் இருந்தான். மறுநாள் காலையில் நோட்டை எடுத்து, பாராடாங் என்று நான் எழுதியிருந்ததை அவனே அடித்தான். அந்தப் பயணத்தில் எங்கள் குடும்பம் எடுத்த முடிவுகளில் நான் மிகவும் பெருமைப்படுவது அதற்காகத்தான். சேற்று எரிமலையைக் கடல்வழியாகப் போயும் பார்க்கலாம் என்று பிறகு தெரிந்தது. நாள் போதாததால் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

சுனாமியைப் பற்றிய அம்மாவின் பயத்தையும் திட்டத்துக்குள் கொண்டுவந்தோம். 2004 டிசம்பர் 26இல் அந்தத் தீவுகள் பட்டதை அவர் மறக்கவில்லை. எல்லா விடுதியிலும் மேட்டுப் பக்கம் எது என்று முதலில் கேட்பது, நிலம் அதிர்ந்தால் பையை எடுக்காமல் மேலே ஏறுவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். கழிமுகத்திலும் அலையாத்திக் காட்டோரத்திலும் முதலை உண்டு, அங்கே இறங்கக் கூடாது. சிப்பி, பவளத்துண்டு எதையும் எடுத்து வரக் கூடாது, சட்டப்படி குற்றம். என் மகள் கரையில் பொறுக்குவதையெல்லாம் கரையிலேயே கோலம் போட்டுவிட்டு வருவாள் என்று ஒப்பந்தம். அவள் அதை ஒரு நாளும் மீறவில்லை.

போனபின் நடந்ததில் பலவற்றை விரைந்து சொல்லிவிடலாம். செல்லுலார் சிறையின் ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன. ஒரு சிறகின் முகப்பு அடுத்ததன் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருப்பதால் கைதி இன்னொரு கைதியின் முகத்தைப் பார்க்க முடியாது. கொத்தனாரான மாமா அந்தச் சுவர்களைத் தடவிப் பார்த்து, “வேலை சுத்தம். எதுக்குக் கட்டுனாங்கன்னு நினைச்சாத்தான் கை கூசுது” என்றார். ராஸ் தீவில் ஆங்கிலேயர்களின் தேவாலயத்தையும் மாளிகைகளையும் ஆலமர வேர்கள் பிடித்து நிறுத்தியிருந்தன. போர்ட் பிளேரின் அபர்தீன் கடைத்தெருவில் தமிழ் கேட்காமல் நடக்க முடியாது. ஒரு மெஸ்ஸில் சூரைமீன் குழம்பு ஊற்றியவர் ராமநாதபுரத்துக்காரர். அம்மாவிடம் புளி அளவு பற்றிக் கேட்டுக்கொண்டார்.

நீலில் அந்த விடியல் நாங்கள் கணக்குப் போட்டபடியே வந்தது. ஐந்து மணிக்கு லட்சுமண்பூர் கரையில் நின்றபோது கடல் உள்வாங்கி, பாறைத் தரை வெகுதூரம் தெரிந்தது. குழிகளில் தேங்கிய நீரில் கடல் வெள்ளரிகள், நீல மீன்குஞ்சுகள், கிளிஞ்சலுக்குள்ளிருந்து நடக்கும் நண்டுகள். உள்ளூர் வழிகாட்டி ஒரு பையன் கடல் வெள்ளரியைக் கையில் எடுக்காமல் விரலால் காட்டினான். அம்மா பாலம் வரை வரவில்லை. நான்கு அடி வந்து ஒரு கல்லில் உட்கார்ந்து, பக்கத்துக் குழியில் இருந்ததையே ஒரு மணி நேரம் பார்த்தார். நாங்கள் திரும்பியபோது அந்தக் குழியில் எத்தனை வகை உயிர் இருக்கிறது, எது எதைத் துரத்துகிறது என்று எங்களுக்கு விளக்கினார். பாலம் வரை போன எங்களைவிட அதிகம் பார்த்திருந்தார். ஆட்கள் வரத் தொடங்கியபோது நீரும் ஏறத் தொடங்கியிருந்தது. அந்தத் தீவில் குடியேறியவர்கள் கிழக்கு வங்கத்திலிருந்து அகதிகளாக வந்தவர்களின் பிள்ளைகள். போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி அவர்கள் வயல்களிலிருந்து போகிறது. படகில் எங்களோடு வெண்டைக்காய்க் கூடைகளும் புடலங்காய்க் கட்டுகளும் வந்தன. அண்ணி ஒரு கிலோ வாங்கிவிட்டார், சமைக்க அடுப்பில்லாமலேயே.

ஹேவ்லாக்கில் ராதாநகர் கடற்கரைக்கு மூன்று மணிக்கே போய்விட்டோம், இருட்டுவதற்கு முன் நிறைய நேரம் வேண்டுமென்று. உயர்ந்த மரங்கள் மணல் வரை வந்து நிற்கின்றன. தூரத்துக்கு ஆழமில்லாத, மெதுவாகச் சரியும் கரை. மாமா செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “நீங்க இருந்தப்பவும் இப்படித்தான் இருந்துச்சா மாமா?” என்று கேட்டேன். அவர் அந்தத் தீவுக்கு வந்ததே இல்லை என்றார். போர்ட் பிளேரில் அத்தனை வருஷம் இருந்து, ஹேவ்லாக்கையும் நீலையும் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை துணி துவைக்கவும் கடிதம் எழுதவும் போய்விடும். படகுக்குக் கொடுக்கும் காசை மணியார்டரில் சேர்த்து அனுப்பலாம். வற்றம் ஏற்றம், படகு நேரம், பொழுது அடைவது எல்லாமே மணலும் சிமென்ட்டும் இறக்கும் வேலையில் கற்றுக்கொண்டது. அம்மா அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் தம்பியின் கையைப் பிடித்துத் தண்ணீருக்குக் கூட்டிப் போனார். தங்கை கல்யாணத்துக்கு வந்த அந்த மணியார்டர்களை வாங்கிக் கையெழுத்துப் போட்டவர் அம்மாதான்.

காலியாக விட்ட நாளில் என்ன செய்யலாம் என்று அன்றிரவு கேட்டோம். அவருக்கென்று ஓர் இடம் சொல்லச் சொன்னோம். மூன்று மாதத் திட்டத்தில் அவர் ஓர் இடமும் கேட்டிருக்கவில்லை. தயங்கி, “ஹட் பே” என்றார். லிட்டில் அந்தமானின் துறை. ஒரு முறை பள்ளிக் கட்டடம் ஒன்றுக்காக அங்கே போய்ச் சில மாதங்கள் இருந்திருக்கிறார். அவர் தனியாகத் தலைமைக் கொத்தனாராக நின்று கட்டியது அது ஒன்றுதான். போர்ட் பிளேரிலிருந்து கப்பலில் அரை நாளுக்குப் பக்கமாகும்; போன அன்றே திரும்ப முடியாது. மறுநாளே விமானம். “அது இந்தக் கணக்குல வராது, விடு” என்று அவரே சொன்னார். காலி நாளைக் கடற்கரையில் பிள்ளைகளோடு கழித்தோம்.

அண்ணன் மகன் அதை விடவில்லை. கல்லூரியில் சேர்ந்த பிறகு, 2023 பொங்கலை ஒட்டி, மாமாவைத் தனியாக அழைத்துப் போனான். மாமாவின் விருப்பப்படி சென்னையிலிருந்து கப்பலில். சில வாரங்களுக்கு முன்புதான் தேதி அறிவிக்கிறார்கள் என்பதால் அவன் ராஜாஜி சாலை அலுவலகத்துக்கு நடையாய் நடந்து இரண்டு படுக்கை வாங்கினான். என் நோட்டைக் கேட்டு வாங்கிப்போனான். மிச்சமிருந்த பக்கங்களில் ஹட் பே கப்பல் நாள்களை அவன் கையெழுத்தில் எழுதினான். இப்போது கம்பிவடம் லிட்டில் அந்தமானுக்கும் போயிருக்கிறது. ஒரு காலையில் அம்மாவின் கைபேசியில் காணொளி அழைப்பு வந்தது. மாமா ஒரு பள்ளியின் தாழ்வாரத்தில் நின்றிருந்தார். சுனாமிக்குப் பிறகு அங்கே பலவும் மாறிவிட்டன, அவர் கட்டியது இல்லை, இது புதுக் கட்டடம். தூணைத் தட்டிக் காட்டி, இந்தக் கம்பி கட்டிய விதம் சரி, இந்த மூலையில் பூச்சு சரியில்லை, கடல்காத்துக்கு இன்னும் கனமாகப் பூச வேண்டும் என்று விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அம்மா அத்தனையும் கேட்டுவிட்டு, “அந்த ஸ்கூல் வாத்தியார்ட்ட சொல்லிட்டு வாடா” என்றார். “சொல்லிட்டேன்க்கா, எழுதிக் கேட்டாங்க. எழுதிக் கொடுத்திருக்கேன்” என்றார் மாமா.